ஜிலேபி லத்தி போடக் காத்திருந்தோம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தவள் நான். நாலு பேர் இருக்கும் அறைக்குள் போக வேண்டுமென்றால், அதில் இரண்டு பேர் வெளியே வரும்வரை வாசலில் செருப்பைச் சரிசெய்துகொண்டே நிற்கும் சுபாவம். நம் ஆய்வக மலரைப் படிக்கப்போகிறவர்களோ கால்நடை டாக்டர்களும், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும். அவர்களுக்கு நான் குதிரை லத்தியைப் பற்றிச் சொல்ல வருவது அதிகப்பிரசங்கம் என்று எனக்கே தெரிகிறது.

நானாகக் கேட்டு வாங்கியதில்லை இது. முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டுத் திருநின்றவூர் வீட்டில் இருந்தவளை, போன மாதம் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வரச்சொன்னார்கள். புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டை உள்ளே தள்ளினால் போதும், அதுவே படம் எடுத்து, லத்தியில் இருக்கும் புழு முட்டைகளைத் தானாக எண்ணித் திரையில் காட்டிவிடுகிறது. எனக்குக் கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு லாயம் முழுவதையும் எண்ணிவிட்டது.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள், அங்கே பயிற்சியில் இருக்கும் சுபா.

"நல்லா எண்ணுதும்மா. போய் எடுத்துக்கிட்டும் வருமா?" என்றேன்.

நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கையால் எண்ணிய நாட்களைப் பற்றி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று சுபா பிடித்துக்கொண்டாள். மறுத்தால் இன்னும் நிறையப் பேச வேண்டிவரும். எழுதிவிடுவதே மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

மலரை டாக்டர்கள் வீட்டில் இருப்பவர்களும் புரட்டுவார்கள் என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குதிரை போடுவதற்கு லத்தி என்று பெயர். குதிரையின் குடலில் புழுக்கள் உண்டு. கொஞ்சம் இருந்தால் தவறில்லை. அவை இடும் முட்டை லத்தியோடு வெளியே வரும், பொரிக்கும், அதிலிருந்து வரும் குட்டிப் புழு புல்லில் ஏறும், அந்தப் புல்லை அடுத்த குதிரை தின்னும். இதற்கு மருந்து இருக்கிறது. பற்பசை போல ஒரு குழலில் வரும். வாயோரத்தில் நுழைத்து நாக்கின் மேல் பிதுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எந்த மருந்துக்கும் ஒன்றிரண்டு புழுக்கள் தப்பிவிடும். தப்பியவற்றுக்குப் பிறப்பவையும் தப்பும். திரும்பத் திரும்ப அதே மருந்தைக் கொடுத்தால், கடைசியில் குடலில் மிஞ்சுவது அந்த மருந்துக்கு அசராத கூட்டம் மட்டும்தான். எந்த லாயத்தில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. வழி மிகச் சுலபம். மருந்துக்கு முன்னால் லத்தியில் முட்டையை எண்ண வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். முட்டை காணாமல் போயிருந்தால் மருந்து ஜெயித்தது. அப்படியே இருந்தால் புழு ஜெயித்தது.

சொல்லத்தான் சுலபம்.

நான் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் கோயிலில் பூசைக்கு வரும் ஒரு அம்மா சொல்லி, பாரிவாக்கம் பக்கம் இருந்த ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. அங்கே குதிரைப் பிரிவுக்கு லத்தி எடுத்து வர ஆள் நிற்கவில்லை. சேர்ந்த ஆண்கள் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் சொந்த ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்விடும். கடைசியில் குதிரைப் பிரிவு டாக்டர் தேவராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, உங்களுக்குக் குதிரைன்னா பயமா?"

"மனுஷங்கன்னாதான் பயம் சார்." நினைக்காமல் வாயில் வந்துவிட்டது.

"அப்ப சரி. குதிரை எதையும் கேக்காது."

முதல் இரண்டு வருடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முறை உதை வாங்கினேன், ஒரு முறை கடி வாங்கினேன். எங்கே நிற்கக் கூடாது என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

டாக்டர் தேவராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மனிதர்களுக்குக் கொடுக்கும் மரியாதையைக் குதிரைகளுக்கும் குறையாமல் கொடுப்பார். "வாங்கம்மா, வாயைக் கொஞ்சம் தொறங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு கிழட்டுக் குதிரையிடம் அவர் பேசுவதைக் கேட்டால், பல் டாக்டரிடம் போன பெரிய வீட்டு அம்மா ஞாபகம் வரும். லத்தியைக் கையில் வாங்கினால், துணிக்கடையில் முந்தானையைப் பிரித்துப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். யார் என்ன சொன்னாலும் "அப்படியா" என்பார். நம்பினால் அதோடு சரி. நம்பவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். கண்ணாடி முகத்தை விட்டு இறங்கினாலே நாங்கள் எழுதியதை மறுபடி சரிபார்க்கத் தொடங்குவோம்.

லத்தி எடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, குவியலின் மேலே நடுவில் இருக்கும் உருண்டையை எடுக்க வேண்டும். தரையைத் தொட்ட பக்கம் ஆகாது. தரையில் வேறு புழு இருக்கும். எடுத்த கையோடு கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உருவினால் லத்தி உள்ளே போய்விடும், கையுறையே பையாகிவிடும். காற்றை அமுக்கி வெளியேற்றி, முடிச்சுப் போட்டு, குதிரையின் பெயர் எழுதி, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் விட்டால் முட்டை வழியிலேயே பொரித்துவிடும். அப்புறம் எண்ணுவதற்கு முட்டை இருக்காது. மருந்து ஜெயித்ததாகப் பொய்யாக வரும்.

ஆய்வகத்தில் அதை எடை போட்டு, கெட்டியான உப்புத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடிப்போம். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும். கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தத் தண்ணீரை விட்டு, கொஞ்சம் பொறுத்து, மைக்ராஸ்கோப்பில் கோடு கோடாக எண்ண வேண்டும். முட்டை பார்க்க அழகாகவே இருக்கும். வெந்த ஜவ்வரிசிக்குள் யாரோ திராட்சைக் கொத்தை அடைத்து வைத்த மாதிரி. முதன்முதலாக அதைப் பார்த்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் இல்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குக் கடையில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு பண்ணையில் சில குதிரைகள் இருந்தன. அந்தப் பண்ணை முறை வரும் நாட்களில் காலையிலேயே அங்கே எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு ரயிலேறி ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ் பிடிப்பேன். பெண்கள் பெட்டியில் என்னை மீன்காரி என்றே நினைத்திருந்தார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் பட்டாபிராமில் ஏறிய ஒரு அம்மா என் எதிரில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மீனு?"

"மீன் இல்லக்கா."

"எறாவா?"

"இல்லக்கா."

"நான் இன்னா புடுங்கிக்கினா ஓடப்போறேன்? இன்னானு சொல்றதுக்கு இன்னா. நாத்தமே இல்லியே, பிரெஷ்ஷாதானே கீது?"

"காலையிலதான் எடுத்தது" என்றேன். அந்தப் பேச்சில் தைரியமாக நான் சொல்லக்கூடிய உண்மை அது ஒன்றுதான்.

"அப்ப நாளைக்கு எனக்கு அரை கிலோ எடுத்தாந்து குடு."

தலையை ஆட்டிவிட்டேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் கடைசிப் பெட்டியில்தான் ஏறினேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு லாயத்தில் தெரியவந்தால், டாக்டர் உடனே புழுவைக் குற்றம் சொல்ல மாட்டார். முதலில் மனிதர்களை விசாரிப்பார். குதிரையின் எடையை டேப் வைத்து அளந்தீர்களா, கண்ணால் பார்த்துச் சொன்னீர்களா? மருந்துக் குழலை எங்கே வைத்திருந்தீர்கள்? வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலா? குதிரை விழுங்கியதைப் பார்த்தவர் யார்? பாரிவாக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் இப்படித்தான் ஒரு குதிரைக்கு முட்டை குறையவே இல்லை. மருந்து கொடுத்த ஆளை டாக்டர் மறுபடி எங்கள் எதிரில் கொடுக்கச் சொன்னார். அவர் கொடுத்துவிட்டு, "அவ்ளோதான் சார், முழுங்கிட்ச்சு" என்றார். குதிரை அவர் தோளில் வாஞ்சையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. தலையை எடுத்தபோது மருந்து முழுவதும் அவர் சட்டையில் இருந்தது.

"இந்தச் சட்டைக்கு இனிமே புழு வராது" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

இனி நூம்பல் என்ற ஊரில் இருந்த ஏழுமலை அண்ணன் கதைக்கு வருகிறேன்.

ஏழுமலை அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, அதை விட்டுக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் தொழிலுக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மூன்று குதிரைகள் வைத்திருந்தார். சுல்தான் என்று ஒரு வெள்ளைக் குதிரை. தொழிலே அவன் முதுகில்தான். மகாராணி என்று ஒரு பழுப்புப் பெண்குதிரை. அதன் குட்டி ஜிலேபி, ஒரு வயது இருக்கும். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கொட்டியிருந்த மணல் சரிந்து சரிந்து கொட்டகைக்குள்ளேயே பாதி வந்திருந்தது.

எங்களைக் கூப்பிட்டது ஜிலேபிக்காகத்தான். விலா எலும்பு தெரிய இளைத்து, வயிறு மட்டும் தொங்கிப்போய், தீனி எடுக்காமல் நின்றது. அண்ணனின் மனைவி தனம் அக்காதான் அதைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவர். "பொழச்சிடுமா சார்?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் ஜிலேபியிடம், "எங்கம்மா வலிக்குது?" என்றுதான் கேட்டார்.

அன்று சுல்தான் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். மகாராணியிடமும் ஜிலேபியிடமும் நானே லத்தி எடுத்தேன். ஜிலேபியுடையது உருண்டையாக இல்லை, கழிச்சல். வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஏழுமலை அண்ணன் நெளிந்துகொண்டே நின்றார். "ஐய, அத போய் எடுக்கிறியேம்மா. கொஞ்சம் இரு, அப்பால நல்லதா போடும்" என்றார். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டிலும் முட்டை நிறைய இருந்தது. டாக்டரே வந்து, டேப் வைத்து அளந்து, இரண்டுக்கும் மருந்து கொடுத்து, விழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசாரிக்க வேண்டிய மனிதர் யாரும் பாக்கி இல்லை என்றே நினைத்தோம்.

இரண்டாவது முறை லத்தி எடுக்கும் நாளில் ஒரே காலையில் பல லாயங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் குதிரைப் பெயர் ஒட்டிய டப்பாக்களை முன்கூட்டியே சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடுவது என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் காலை லத்தியைப் போட்டு வைத்தால் நான் போய் வாங்கி வருவேன். ஏழுமலை அண்ணன் இரண்டு டப்பாக்களையும் துடைத்து, வாழையிலைக் கிழிசல் மேல் வைத்து, சீர்த்தட்டு கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். ஜிலேபி டப்பாவில் உருண்டை உருண்டையாக, பளபளவென்று இருந்தது. வயிறு சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். டாக்டரும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்களே" என்றார்.

எண்ணினால் முட்டை குறையவே இல்லை. இரண்டு டப்பாவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. டாக்டர் என்னை எழச்சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து எண்ணினார். அதே அளவுதான் வந்தது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தது அவரே. அப்படியும் முட்டை இருக்கிறது என்றால், நூம்பல் புழு அந்த மருந்தை ஜெயித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதைவிடப் பலமான மருந்து எங்கள் அலமாரியில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இதற்குள் தனம் அக்கா போன் செய்துவிட்டார். ஜிலேபி படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தக் கடைசி மருந்தோடு டாக்டரும் நானும் போனோம். இந்த முறை மூன்று குதிரைகளும் இருந்தன. சுல்தான் கட்டுத்தறியில் கழுத்தை உயர்த்திக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவன் போல நின்றான். ஜிலேபி மூலையில் தலை தொங்கி நின்றது. டாக்டர் அண்ணனையும் அக்காவையும் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்.

"இந்த மருந்து உடம்புல இருக்கற கொழுப்புல போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யும். இவங்க உடம்புல கொழுப்பே இல்ல. மருந்து மூளைக்குப் போயிடுச்சுன்னா விழுந்துடுவாங்க. எழுந்திரிக்காமலும் போகலாம். குடுக்காம விட்டா புழு விடாது. எனக்கு வேற வழி தெரியல."

தனம் அக்காதான் பேசினார்.

"நீங்க குடுங்க சார். நான் தலைய புடிச்சிக்கிறேன். என் கையிலதான் பொறந்திச்சு."

டாக்டர் இரண்டு முறை அளந்தார். குழலில் அளவைத் திருகி வைத்தார். "வாங்கம்மா, வாயைக் கொஞ்சம் தொறங்க" என்று வாயோரம் கொண்டுபோனவர், நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். மருந்துக்கு முன்னால் லத்தி எடுக்காமல் அவர் எந்தக் குதிரைக்கும் கொடுத்ததில்லை.

"லத்தி எடுத்தாச்சா?"

"நான் ரெடி பண்ணி வச்சிட்டேன் சார்" என்று ஏழுமலை அண்ணன் உள்ளே ஓடி டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்து காட்டினேன். போன முறை போலவே உருண்டை உருண்டையாக இருந்தது. டாக்டர் டப்பாவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த ஜிலேபியின் பின்னங்கால்களைப் பார்த்தார். வாலிலிருந்து குளம்புவரை கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

கண்ணாடி இறங்கியது.

"ஏழுமலை, இது யாரோடது?"

"ஜிலேபிதுதான் சார்."

"அப்படியா."

சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"யோவ், சொல்லித் தொலையேன்யா" என்றார் தனம் அக்கா.

"சார், கோச்சிக்கக் கூடாது. அது போடுறது தண்ணி மாறி கீது. அத எப்படி சார் டப்பால போட்டு ஒங்க கைல குடுக்குறது? லேடீசு வேற வந்து வாங்கிக்கினு போவுது. ஒரு மருவாதி வாணாவா? சுல்தானுது சோக்கா, உருண்டயா கீது. அதான் அவன்துல போட்டேன்."

"போன தடவையும்?"

"போன தபாவும்தான்."

"மகாராணி டப்பா?"

"அதுவும் சுல்தானுதான் சார். அவன்துதான் பாக்க நல்லா கீது."

டாக்டர் மருந்துக் குழலுக்கு மூடியைப் போட்டுப் பையில் வைத்தார். நான் டப்பாவை மூடிக் கீழே வைத்தேன்.

"சுல்தானுக்குப் பூச்சி மருந்து எப்ப குடுத்தீங்க?"

"அவனுக்கு இன்னாத்துக்கு சார்? மாப்ள மாறி கீறான்."

"அந்த மாப்பிள்ளை வயித்துலதான் ஏழுமலை இத்தனை புழுவும் இருக்கு."

சில குதிரைகள் அப்படித்தான். ஆள் கொழுகொழுவென்று இருக்கும். லாயத்தில் விழும் முட்டையில் முக்கால்வாசி அதனுடையதாக இருக்கும். நாங்கள் இரண்டு டப்பாவிலும் எண்ணியது மருந்தே பார்க்காத சுல்தானின் முட்டைகளை. ஏழுமலை அண்ணன் திரும்பிச் சுல்தானைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது. பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்த பிறகு மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டவர் போல நின்றார்.

இப்போது ஜிலேபியின் லத்தி வேண்டும், எங்கள் கண்ணெதிரிலேயே விழ வேண்டும். நான் கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் ஒதுங்கி நின்றேன். டாக்டர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான்கு பேரும் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழிச்சல் போய்க்கொண்டே இருந்த குட்டி, அப்போது பார்த்து ஒன்றும் போடவில்லை. நாங்கள் பார்ப்பதை அது திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"இப்படி எல்லாரும் மொறச்சிக்கினு நின்னா யாருக்குத்தான் வரும்?" என்றார் தனம் அக்கா.

அதில் நியாயம் இருப்பதாக டாக்டருக்கும் பட்டது. எல்லாரும் திரும்பி நின்றோம். நான் பக்கத்து மனையின் கம்பி கட்டும் வேலையைப் பார்த்தேன். டாக்டர் தகரக் கூரையை ஆராய்ந்தார். அண்ணன் மட்டும் சுல்தானை முறைத்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு குதிரைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டது.

"வந்திட்ச்சு" என்றார் அக்கா, குழந்தை முதல் வார்த்தை பேசியதைச் சொல்வது போல.

தரையில் படாத மேல்பகுதியை வழித்து எடுத்தேன். டாக்டர் கையை நீட்டி, கொஞ்சத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். "ஸ்டெல்லா, இன்னொரு கையுறை. பெருசு. ஒரு சொம்பு தண்ணி" என்றார்.

கையுறைக்குள் லத்தியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, விரல்கள் கீழே தொங்கும்படி என்னைப் பிடிக்கச் சொன்னார். கறவை மாட்டின் மடி போலத் தொங்கிய அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலங்கல் மெல்லத் தெளிந்தது. ஐந்து விரல் நுனியிலும் மணல் இறங்கிக் கெட்டியாக உட்கார்ந்தது. டாக்டர் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் சரிந்து கிடந்த மணலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"தீனி எங்க போடுறீங்க?"

"அங்கதான் சார், அந்த மணல் ஓரமா" என்றார் அண்ணன்.

"எந்நேரமும் அத நக்கிக்கினேதான் இருப்பா" என்றார் அக்கா. "வெளையாடுறானு நெனச்சிட்டேன்."

குடல் முழுக்க மணல். அதுதான் கழிச்சல், அதுதான் தொங்கிய வயிறு. மணலை வெளியே தள்ள இசப்கோல் போதும் என்றார் டாக்டர். நம் வீட்டில் மலச்சிக்கலுக்குக் குடிக்கிற அதே இசப்கோல்தான். தீனியைத் தரையில் போடாமல் வாளியில் வைக்க வேண்டும். அண்ணன் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்குப் போய், மருந்துக்கடையில் இருந்த இசப்கோல் டப்பா அத்தனையும் வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்துண்ணா, ஒரேடியா குடிச்சிறாத" என்று சொல்லி அனுப்பினாராம்.

ஆனால் முட்டையை எண்ணாமல் டாக்டருக்குத் தூக்கம் வராது. மணல் இருந்தால் புழு இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. அன்று மாலையே ஆய்வகத்தில் உட்கார்ந்து ஜிலேபியுடையதை எண்ணினேன். கோடு கோடாகத் தேடினேன். தூசி, வைக்கோல் நார், மணல். கடைசிக் கோடு வரை முட்டையே இல்லை. கிளம்பும் முன் மகாராணியிடமும் எடுத்திருந்தேன். அதிலும் இல்லை. டாக்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நல்ல மருந்து. பாவம், அதைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோம்" என்றார். மூடியிருந்த அந்தப் பலமான மருந்தை அலமாரியில் பின்வரிசையில் தள்ளி வைத்தார். டப்பா கொடுக்கும் வழக்கமும் அன்றோடு நின்றது. அதற்கப்புறம் எல்லா லாயத்திலும் இரண்டு முறையும் நானே நின்று எடுத்தேன். குதிரை பார்க்கும்போது திரும்பி நிற்கவும் பழகிக்கொண்டேன்.

"ஏழுமலைக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

எனக்குப் போனில் பேசுவது என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அழைத்தேன்.

"அண்ணா, லேப்லருந்து ஸ்டெல்லா பேசறேன். ஜிலேபி வயித்துல புழு இல்ல. மருந்து வேலை செஞ்சிருக்கு. அந்தப் பெரிய மருந்து வேணாம்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு."

மறுமுனையில் அவர் அதை அப்படியே உரக்கச் சொல்வதும், தனம் அக்கா ஏதோ சொல்லி மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சுல்தானு?"

"சுல்தானுக்கு நாளைக்கு மருந்து குடுக்கணும்ணா. டாக்டர் வருவாரு."

"எம்மா, இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத. ஞாயித்துக்கெழம பூந்தமல்லில கல்யாணம் கீது."

சொல்ல மாட்டேன் என்றேன். இன்றுவரை சொல்லவும் இல்லை. இந்த மலர் அந்தப் பக்கம் போகாது என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன், இருந்தாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. சுல்தானுக்கு மருந்து கொடுத்தோம். ஜிலேபி இசப்கோல் கலந்த தவிட்டில் பாதி வாளி தின்றது.